செவ்வாய்க்கிழமை முறை

போன் போட்டால் மோட்டாரை ஓடவிடும் பெட்டிக்கு நம்பர் ஏற்றுவது ராஜபாளையத்தில் என் தொழில். கான்சாபுரத்துப் பங்குக் கிணற்றுக்கு என்னிடம் பெட்டி வாங்கி மாட்டியவன் வல்லரசு. அவன் பட்டாளத்தில் இறந்த மாதமே தம்பி முத்துப்பாண்டி வந்தான்.

"அண்ணன் நம்பரை அழிச்சிருங்க பாய். செவ்வாக்கெழமத் தண்ணி முறையும் இனி எனக்குத்தான். மதினிட்ட சொல்லிராதீக."

அழித்தேன்.

அடுத்த செவ்வாய் மோட்டார் தானாக ஓடியது. தண்ணீர் வல்லரசு வயலுக்குப் பாய்ந்தது. பெட்டியிலிருந்த சிம்மைக் கழற்றினேன். மறு செவ்வாயும் ஓடியது.

பெட்டியை லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரே நம்பர்தான் இருந்தது, நான் அழித்தது.

வரப்பில் வல்லரசு மனைவி கல்பனா நின்றாள். நம்பரை அழித்த விஷயம் எனக்கும் முத்துப்பாண்டிக்கும் மட்டுமே தெரியும்.

"அழிக்கைல கை நடுங்கலையா பாய்? அவுக கேக்கச் சொன்னாக."