மீசை இல்லாத அப்பா

மலைக்கோயிலில் இரண்டு வயது யாழிக்கு முதல் மொட்டை. மகளுக்குத் துணையாகத் தானும் மொட்டையடித்துக்கொண்ட இளவரசு, மீசையையும் எடுத்துவிட்டு வந்து கையை நீட்டினான்.

“குட்டி, அப்பா வந்திருக்கேன்.”

யாழி அலறிக்கொண்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “போ!”

“எனக்கே யாரோ மாதிரிதான் இருக்கீங்க,” என்று வளர்மதி சிரித்தாள்.

அவன் முகம் வாடிவிட்டது. “மீசை முளைக்கிறவரைக்கும் எங்கிட்ட வரமாட்டாளா?”

“கூப்பிடாதீங்க. சும்மா உட்காருங்க. வருவா.”

அவன் படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான். சந்தனம்கூடப் பூசாத மண்டை வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. யாழி அதையே பார்த்தாள். பிறகு அம்மாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். தன் தலையிலிருந்த ஈரச் சந்தனத்தை உள்ளங்கையால் வழித்து, அந்த யாரோவின் மண்டையில் அப்பினாள். மறுபடியும் வழித்தாள்.

இளவரசு நிமிரவே இல்லை.