பதிவேட்டின் பின்பக்கம்

நீதிபதி பக்கத்தைத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. பழைய பதிவேடு, இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது. உயர் நீதிமன்றமானால் மட்டும் நுழையுமா என்ன?

கடைசி வரிசையில் நான் எழுந்தே நின்றுவிட்டேன். காவலர் முறைத்தார். உட்கார்ந்தேன். உட்கார முடிந்தால்தானே?

முன்னால், போலீஸ்காரருக்குப் பக்கத்தில், லிஃப்ட் மெக்கானிக் நின்றான். அவன் பராமரித்த லிஃப்ட் அறுந்து விழுந்து ஒருவர் செத்துப்போனார். பழுது தெரிந்தும் சும்மா இருந்தான் என்று கீழ்க்கோர்ட் ஏழு வருடம் போட்டது. இரண்டு வருடம் உள்ளே கழித்தாயிற்று. இன்று இங்கேயும் தோற்றால் மீதி ஐந்து.

லிஃப்டை ஓட்டக்கூடாது என்று இரண்டு நாள் முன்பே பராமரிப்புப் பதிவேட்டில் எழுதி வைத்ததாகக் கீழ்க்கோர்ட்டில் தலைகீழாக நின்று சொன்னான். அப்படி ஒரு வரியும் அதில் இல்லை என்று தீர்ப்பு.

அங்கே பார்த்தது வெறும் ஜெராக்ஸ். எடுத்தவர் முன்பக்கங்களை மட்டும் எடுத்திருந்தார். அசல், சீல் வைத்த உறைக்குள் கோர்ட் பீரோவிலேயே தூங்கியது. அதை எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

புது வக்கீலம்மா அதைப் பிடித்துக்கொண்டார். கெட்டிக்காரி. அவருடைய மனுவைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பக்கத்தில் மெக்கானிக்கின் அக்கா. தூரத்தில் வேலை, கோர்ட் வாசலை மிதிப்பதே இன்றுதானாம். விஷயத்தைக் கேட்டதிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்க்க உடம்பு வணங்காதவனை எல்லாம் எவன் ஜட்ஜாக்கினான்?”

“அதானே” என்றேன்.

தாள் பிரிந்தது.

நீதிபதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பக்கத்து நீதிபதியும் எட்டிப் பார்த்தார். இருக்கணுமே, இருக்கணுமே என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

வாய்விட்டுப் படித்தார். “மேல் கயிறு பிரிந்திருக்கிறது. லிஃப்டை நிறுத்தவும். சூப்பர்வைசரிடம் சொல்லியாயிற்று.” தேதி. கையெழுத்து.

இருந்தது!

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன், வெட்கமே இல்லாமல். அத்தனை சந்தோஷம்.

தண்டனை ரத்து என்றார்கள். அசலைப் பார்க்கும் சிரமத்தைக்கூடக் கீழமை நீதிபதி எடுத்துக்கொள்ளவில்லை என்றும் காட்டமாகச் சொன்னார்கள். சரியாகக் கேட்டார்கள். இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வராந்தாவில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கூடப் பொறந்தவங்க மாதிரி துடிச்சுப் போயிட்டீங்களே. நீங்க யாருங்கய்யா?”



அதற்குள் மெக்கானிக் வெளியே ஓடிவந்தான். அக்காவைக் கட்டிக்கொள்ள வந்தவன் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றான். உயரத்து நாற்காலியும் கறுப்பு அங்கியும் இல்லாமல் அவன் என்னைப் பார்ப்பது இதுதான் முதல்முறை.

கூண்டில் நிற்கிற மாதிரி இரண்டு கையையும் கட்டிக்கொண்டான்.

“எழுதியிருக்கேன்னு அப்பவே சொன்னேனேங்கய்யா” என்றான்.