ஆழ்ந்த உறக்கம், இலவசப் படம்

“இந்தப் பொண்ணு வேணாம். தூங்குற மாதிரி நடிக்குது” என்றார் மெத்தைக் கடைக்காரர். “நிஜமாத் தூங்குற ஆளாப் போடும்மா. ஆனா ஓசிப் படமா இருக்கணும்.”

அவர் கடைக்கு இணையதளம் செய்துகொண்டிருந்தவள் பெருமூச்சு விட்டாள். தலையணை ஐகான், பிறை ஐகான் எல்லாம் இலவசத் தளங்களிலேயே கிடைத்துவிட்டன. தூங்கும் முகம்தான் அமையவில்லை. எல்லோரும் மேக்கப் கலையாமல் படுத்திருந்தார்கள்.

தேடும் பெட்டியில் ‘ஆழ்ந்த உறக்கம்’ என்று தட்டினாள். வந்து விழுந்த படங்களுக்கு நடுவே அப்பா இருந்தார்.

கண்ணை நம்பாமல் படத்தைப் பெரிதாக்கினாள். பூங்கா பெஞ்சில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அதே அப்பா. மடியில் ஒரு புறா கூச்சமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. கிழிந்த சட்டைப் பையில் அம்மா போட்ட நீல நூல் தையல்கூடத் தெரிந்தது.

நினைவு தப்பிக்கொண்டிருந்த மனிதர். கதவு திறந்து கிடந்த ஒரு மதியம் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் திரும்பவேயில்லை. போலீஸ், மருத்துவமனை, ஆதரவற்றோர் இல்லம் என்று அலைந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம். அம்மா வாசலைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “அட, இதுதாம்மா தூக்கம்! இதையே போட்டுடு.”

“இது எங்கப்பா சார்.”

“அப்படியா? அப்ப அனுமதிப் பிரச்சினையே இல்ல!”

அவள் படம் எடுத்தவருக்கு அந்தப் பக்கத்திலேயே தன் போன் எண்ணோடு ஒரு செய்தி எழுதிவிட்டு, வீட்டுக்கு ஓடினாள்.

அம்மா போன் திரையை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். “கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரில்ல இருக்கு! இளைச்சுட்டார்டி. ஆனா எவ்வளவு நிம்மதியாத் தூங்குறார் பாரு. இங்க இருந்தப்ப ராத்திரியில பொட்டுத் தூக்கம் உண்டா மனுஷனுக்கு?”

சொல்லிக்கொண்டே பீரோவைத் திறந்து அப்பாவின் சட்டைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். “எந்த ஊர்னு மட்டும் கேளு. உடனே கிளம்பிடலாம். இனிமே அவர் கூடவே உட்கார்ந்திருப்பேன், கதவைப் பூட்டி சாவியை இடுப்புல வெச்சுக்குவேன்.”

போன் அடித்தது. படம் எடுத்தவர்தான்.

“நீங்க அவர் பொண்ணா?”

“ஆமாங்க. அது எந்த ஊரு? எந்தப் பூங்கா?”

அந்தக் குரல் தயங்கித் தயங்கி வந்தது. “வெளிச்சம் அழகா இருந்துச்சு. ரெண்டு மூணு எடுத்து, அங்கேயே நின்னு தளத்துல போட்டேன். யார் வேணாலும் எடுத்துக்கட்டும்னு. அப்புறம் நீக்கிடணும்னுதான் நினைச்சேன். அதுக்குள்ள எங்கெங்கயோ போயிடுச்சு. என்னை மன்னிச்சுடுங்க.”

“ஐயோ, எதுக்கு மன்னிப்பு? நீங்க போடலைன்னா அவரைக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது. அவரை எழுப்பினீங்களா? எங்க போறேன்னு ஏதாவது சொன்னாரா?”

அம்மா மடித்த சட்டையோடு வந்து, போனில் காதை ஒட்டிக்கொண்டாள்.

“படம் எடுத்ததுக்கு ஒரு நன்றி சொல்லலாம்னு கிட்டப் போனேன். தோளைத் தொட்டேன்...” அந்தக் குரல் உடைந்தது.

“அவர் தூங்கலைம்மா.”