நின்றுபோன சிரிப்பு

“தனம் வீட்ட விட்டுப் போனதுலேர்ந்து எனக்குச் சோறு தண்ணி எறங்கலங்க மேடம்” என்று சொல்லிவிட்டு, முருகவேல் பல் தெரியச் சிரித்தான்.

மனநல ஆலோசகர் சந்திரகலா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். வேங்கிக்காலில் மாடியறை ஒன்றைப் பிடித்து, போர்டு மாட்டி உட்கார்ந்த நாளாக எத்தனையோ பேர் அவள் முன்னால் அழுதிருக்கிறார்கள். அழ வேண்டிய இடத்தில் சிரித்தவன் இவன்தான்.

“இப்ப சிரிச்சீங்களே, தெரியுதா?”

“தெரியாதுங்க. அதான் என் தலையெழுத்து. சின்ன வயசுலேர்ந்து மூஞ்சி தானா இளிச்சிக்குது.”

விஷயம் இதுதான். ஏதோ வாய்ச்சண்டையில் மனைவியை ஒரே ஒருமுறை கைநீட்டி அடித்துவிட்டானாம். தனம் மகள் ஓவியாவைத் தூக்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

“மன்னிப்பு கேக்கலாம்னு நானும் போறேன் மேடம். என் சிரிப்பப் பாத்ததும் விருட்டுனு உள்ள போயிடறா. அங்க இருக்கறவங்களும் இவனுக்கு வருத்தமே கெடையாதுன்னு சொல்றாங்க. மூஞ்சிய மட்டும் சரி பண்ணிக் குடுங்க. பொண்டாட்டி புள்ளைய கூட்டினு வந்துடறேன்.”

சந்திரகலாவுக்கு மனம் இளகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வருகிறவன் இளித்துக்கொண்டு நின்றால் எந்தப் பெண்தான் பொறுப்பாள்? உள்ளே இருக்கும் துக்கத்தைக் காட்டப் பயந்து சிரிப்பால் மூடி வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினாள். முடிவு கட்டுவதில் அவள் எப்போதும் கொஞ்சம் வேகம்தான்.

“உள்ள இருக்கறது முகத்துல வரணும், முருகவேல். பழகினா வரும்” என்று மேஜைமேல் ஒரு கண்ணாடியை நிறுத்தினாள். “தனத்துகிட்ட சொல்ல வேண்டியத இப்ப சொல்லுங்க. சொல்லும்போது உங்க மூஞ்சியவே பாருங்க.”

“என்ன மன்னிச்சிடு தனம்” என்றான். கண்ணாடியில் இருந்தவன் சிரித்தான்.

அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த வண்டிகள் தெருவையே அடைத்துக்கொண்டு நின்றன. அவன் இறங்கிப் போவதைச் சந்திரகலா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னோக்கி வந்த வேன் ஒன்று, ஓரமாக நிறுத்தியிருந்த அவனுடைய புது பைக்கை இடித்துக் கீழே தள்ளியது.

வேறொருவனாக இருந்தால் டிரைவரின் சட்டையைப் பிடித்திருப்பான். முருகவேல் உடைந்த இண்டிகேட்டரைப் பொறுக்கி எடுத்துப் பார்த்துவிட்டு, டிரைவரைப் பார்த்து அழகாகச் சிரித்தான். சண்டைக்குத் தயாராக இறங்கிய டிரைவர் என்ன நினைத்தானோ, பேசாமல் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

எவ்வளவு பொறுமை! இந்த மனுஷனை விட்டுவிட்டுப் போயிருக்கிறாளே என்று, பார்த்தேயிராத தனத்தின் மேல் அவளுக்கு வருத்தம்கூட வந்தது.

வாரம் தவறாமல் வந்தான். உதடு விரியத் தொடங்கும்போதே மூச்சை இழுத்து விடச் சொன்னாள். குரலைத் தாழ்த்தவும் பார்வையை இறக்கவும் சொல்லிக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்துக்கும் அவன் இப்படி உழைத்திருக்க மாட்டான். வீட்டிலும் கண்ணாடி முன்னால் நின்று பழகுவதாகச் சொன்னான்.

கார்த்திகை தீபம் முடிந்து ஊரில் கூட்டம் வடிந்த சமயம். “என்ன மன்னிச்சிடு தனம்” என்றவனின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. உதடு விரியவே இல்லை. சந்திரகலா கண்ணாடியை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

“இதே மாதிரி போய் அவங்க முன்னால நில்லுங்க” என்றாள்.

நின்றான். கீழ்பென்னாத்தூரில் அந்தத் தெருவே கலங்கிப் போனதாம். தனத்தின் அம்மாவே துணிமணியைப் பையில் அடுக்கிக் கொடுத்து மகளை அனுப்பிவைத்தாளாம்.

மறுவாரம் மூன்று பேரும் நன்றி சொல்ல வந்தார்கள். முருகவேல் வாழைப்பழச் சீப்பை மேஜைமேல் வைத்துக் கும்பிட்டான். அவன் மடியில் ஏறி உட்கார்ந்த ஓவியா, கையிலிருந்த மாம்பழ ஜூஸை அவனுடைய வெள்ளைச் சட்டை முழுக்கக் கொட்டிவிட்டாள்.

முருகவேலின் முகம் துளிகூட மாறவில்லை. மூச்சை மெல்ல இழுத்து விட்டான்.

“பரவால்ல கண்ணு. வா, அப்பா கீழ கூட்டினு போய் கை கழுவி வுடறேன்” என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.

சந்திரகலாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. “பாத்தீங்களா தனம்? அந்தச் சிரிப்பு அடியோட நின்னுபோச்சு!”

“ஆமாங்க, நின்னுபோச்சு.” தனம் புடவைத் தலைப்பை விரலில் திருகிக்கொண்டிருந்தாள். அவள் பார்வை வாசற்படியைவிட்டு நகரவில்லை.

“அப்புறம் ஏம்மா முகம் வாடியிருக்கு? என்னிக்கோ ஒருவாட்டி கை நீட்டினத இன்னும் மறக்கலையா?”

“ஒருவாட்டின்னா சொன்னாரு?” தனம் திரும்பினாள். “அவருக்குக் கோவம் தலைக்கேறினாத்தாங்க அந்தச் சிரிப்பு வரும். வாய் விரியறதப் பாத்ததும் புள்ளைய தூக்கினு பக்கத்து வூட்டுக்கு ஓடிடுவேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அத வச்சித்தான் உசுர காப்பாத்திகினு இருந்தேன்.”

கீழே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குழந்தையின் குரல் கேட்கவில்லை.

வாசலை நோக்கி ஓட எழுந்த தனம், ஒரு நொடி நின்று கேட்டாள்.

“இனிமே நாங்க எதப் பாத்து ஓடறது மேடம்?”