ரப்பர் மரம் மறைக்குது

“சிக்னல் கிட்டிச்சா மக்கா?”

ரோஸ்லெட் முற்றத்தில் நின்று அண்ணாந்து கேட்டாள். மொட்டைமாடியில், இணைப்பு கொடுக்க வந்த ஷிபு இன்டர்நெட் ஆன்டெனாவைப் பிடித்தபடி நின்றான்.

“இல்ல மாமி. ரப்பர் மரம் மறைக்குது.”

அருமனை ஊரில், பள்ளத்துக்குள் இருக்கும் அந்த வீட்டில் செல்போனில் சிக்னல் எடுக்காது. அம்மாவை வீடியோவில் பார்க்க ஆசைப்பட்டு, சவூதியிலிருந்து மகன் ஜெபின்தான் இந்த இணைப்புக்கு ஏற்பாடு செய்திருந்தான்.

“மூணு மணிக்கு அவன் விளிப்பான். புதுச் சேலையும் உடுத்தாச்சு. ரீனா வீட்டுல அஞ்சே நிமிசத்துல கிட்டிச்சே, ஒனக்கு வேல தெரியாதா?”

“தெரியல மாமி.”

ரோட்டு வளைவில் போதகரும் ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் வருவது மாடியிலிருந்து தெரிந்தது. ஷிபு ஸ்பானரைக் கீழே வைத்தான்.

“வாங்க அய்யா!” ரோஸ்லெட்டின் குரல் கேட்டது. “இருந்து ஜெபினப் பாத்துட்டுப் போவலாம்.”

போதகர் முற்றத்தில் செருப்பைக் கழற்றினார்.

ஆன்டெனாவின் முதல் திருப்பிலேயே சிக்னல் முழுதாகக் கிடைத்திருந்தது. சோதித்துப் பார்க்க ஷிபு தன் போனை இணைத்ததும், ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஜெபினின் போட்டோ வந்து விழுந்தது. அடியில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்றிருந்தது. அதே குழுவில் ரோஸ்லெட்டும் இருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் அவன் ஆன்டெனாவை ரப்பர் மரங்களின் பக்கம் திருப்பினான்.