கோபத் தீ

"எத்தனை தடவைடா சொல்றது? தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு!" அக்கா புத்தகத்தைத் தையல் மெஷின்மேல் ஓங்கி அடித்தாள். ஊசிப்பெட்டி கீழே விழுந்து சிதறியது.

"தண்ணி கொண்டு வரட்டுமாக்கா?" என்று எழுந்தான் தம்பி.

"உட்காருடா!"

உட்கார்ந்தான். தலையில் தையல் போட்ட இடத்தில் இன்னும் முடி சரியாக முளைக்கவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு இப்படித்தான். எதைச் சொன்னாலும் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான்; அதன் உள்ளர்த்தம் அவனுக்குப் பிடிபடவில்லை.

மாதக்கணக்கில் பள்ளிக்கூடம் போகவில்லை. நாளைக்கும் வராவிட்டால் அவன் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று ஹெட்மாஸ்டர் காலையில் போனில் கறாராகச் சொல்லியிருந்தார். ஈவிரக்கமில்லாத ஜென்மம் என்று அவரைத் திட்டித் தீர்த்த கையோடுதான், தைக்க வேண்டிய துணியை எல்லாம் மூலையில் தள்ளிவிட்டு அக்கா பாடத்தை எடுத்திருந்தாள்.

"நல்லா கவனி. 'தீ போன்ற கோபம்.' போன்றன்னு வந்தா உவமை. கோபம் வேற, தீ வேற. 'கோபத் தீ'ன்னா கோபமேதான் தீ. ரெண்டும் ஒண்ணு. அது என்ன?"

"பொய்."

"என்னது?"

"தீன்னா சுடணும். கோபம் எங்கக்கா சுடுது?"

"உருவகம்டா, உருவகம்! என் உயிரை வாங்குறியே!"

தம்பி இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். "நான் எதையும் வாங்கலையே."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏன்டி அவனைப் போட்டு வறுத்தெடுக்குறே? மெதுவா வரும்டி."

"நீ சும்மா இரும்மா! நாளைக்கு வகுப்பே இவனைப் பார்த்துச் சிரிக்கும். அப்ப நீ வந்து பக்கத்துல நிப்பியா?"

அம்மா அடுப்படிக்குள் திரும்பிப் போனாள்.

"சிரிப்பாங்களாக்கா?" தம்பியின் முகம் சுருங்கியது. "தெரியாதவங்களைப் பார்த்துச் சிரிக்கிறது தப்பு."

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுவிடக் கூடாது என்பதற்காகவே இன்னும் பலமாகக் கத்தினாள்.

"நீ எழுதுற பரீட்சையா இருந்தா தொலையுதுன்னு விட்டிருப்பேன்டா. நாளைக்கு இந்தப் பாடத்தை நடத்தப் போறதே நீதானேடா, வாத்தியாரே!"