கல்லும் கோடரியும்

மூன்று பகலும் இரண்டு இரவும் அந்தக் கோடரி மன்றத்தின் நடுவே கயிற்றால் கட்டப்பட்டுக் கிடந்தது. லைகோனின் தலையைப் பிளந்த கோடரி. கொன்றவர் யாரென்று தெரியாவிட்டால் ஆயுதத்தை விசாரித்து, எல்லைக்கு அப்பால் வீசிவிடுவது அந்த ஊர் வழக்கம். இறந்தவனின் அண்ணனும் ஊரின் தலைமை நடுவருமான தெரோன், கோடரியைப் பார்த்து முறைப்படி கேட்டார்.

"உன் தரப்புல சொல்ல ஏதாவது இருக்கா?"

"வாய் இருந்தா இந்நேரம் நம்மளையெல்லாம் ஏசியிருக்கும்," என்றான் ஒரு மீனவன். சிலர் சிரித்தார்கள்.

மிர்தோ சிரிக்கவில்லை. போன அறுவடையில் அவள் மகனின் நெற்றியை உடைத்த கல்லிடமும் தெரோன் இதையேதான் கேட்டார். கல் பேசவில்லை. லைகோன்தான் அதைச் சுமந்துபோய் எல்லைக்கு வெளியே எறிந்தான். திரும்பி வந்து கை கழுவிக்கொண்டு, அவள் வீட்டிலேயே சாவுச்சோறு தின்றான்.

"கோடரி குற்றவாளி," என்றார் தெரோன். "மத்ததெல்லாம் விதி. வீட்டுக்குப் போங்க."

பக்கத்து வீட்டுக்காரி மிர்தோவின் காதருகே குனிந்தாள். "பாத்தியா, உன் பிள்ளைக்காகத் தெய்வமே பழி வாங்கிருச்சு."

அப்படியென்றால் இவளுக்கும் அன்றே தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மிர்தோ நடுவே போய்க் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள்.

"தொடாதே, தீட்டு," என்றார் தெரோன்.

"முதல்ல அந்தக் கல்லைத் திரும்பக் கொண்டு வாங்க. அதை என் பிள்ளை மேல எறிஞ்சது உங்க தம்பி. இந்தக் கோடரியை ஓங்கினது தெய்வம் இல்லை. நான்."